வௌவால் தபால்தலையின் பின்புறம்

ஜூலை 3, புதன்

காலையில் வாசல் பெருக்கினேன். வாதாங்காய்கள் பதினேழு. எல்லாம் வௌவால்கள் சப்பித் துப்பியவை. வாய்க்கால் கரை மருதமரங்களில் பகலெல்லாம் தொங்கிவிட்டு, சாப்பாட்டுக்கு மட்டும் எங்கள் வீட்டு மரத்துக்கு வருகின்றன. மனைவி பகவதிக்கு இடுப்பு வலி வந்ததிலிருந்து இந்த வேலை என்னுடையது. எண்ண வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் எண்ணுகிறேன்.

அஞ்சல்தலைச் சேகரிப்போர் மன்றத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. கண்காட்சி ஆகஸ்ட் 10. செயலாளர் மெஹருன்னிசா, போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், என் பெயரையும் சேர்த்திருக்கிறார். அஞ்சல்தலைகளை வைக்க எனக்குப் பதினாறு தாள்கள். தலைப்பு ‘மண்ணின் உயிர்கள்’. வரையாடு, சிங்கவால் குரங்கு, இருவாச்சி எல்லாம் வரும். நடுத்தாளில் வௌவால்.

எழுபத்து நான்கு வயதில் முதல் முறையாக நான் வைக்கப்போகிறேன். இதுவரை நண்பர் ஆசீர் வைப்பார், நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இது சரியான முடிவுதானா என்று தெரியவில்லை.

ஜூலை 5, வெள்ளி

நடுத்தாளுக்கான தலையை இன்று எடுத்தேன். பசிபிக்கில் தலோவா என்ற சின்னத் தீவு 1986-இல் வெளியிட்டது. பழந்தின்னி வௌவால் ஒன்று ஈரப்பலாக் கிளையில் தலைகீழாகத் தொங்குகிறது. ஒரு கண் மட்டும் நம்மைப் பார்க்கும். மனிதர்கள் கப்பலில் போவதற்கு முன் அந்தத் தீவில் இருந்த பாலூட்டி இது ஒன்றுதான். எலி, பன்றி, நாய் எல்லாம் பிறகு கொண்டுபோகப்பட்டவை. இந்தக் குறிப்பைத் தலைக்குக் கீழே எழுதுவதாக இருந்தேன்.

இடுக்கியால் திருப்பினேன். பின்புறம், மேல் மூலையை ஒட்டித் தாள் உரிந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் உளுந்தளவுக்கு வெளிச்சம் ஊடுருவுகிறது.

என்னிடம் இருந்த தலையில் இப்படி ஒரு தழும்பு கிடையாது. ஆண்டுதோறும் சித்திரை முதல் தேதி ஒவ்வொரு தலையையும் திருப்பிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுபவன் நான். இந்த ஏப்ரலிலும் எழுதியிருக்கிறேன்: ‘பின்புறம் குறையில்லை.’

மூன்று முறை பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்காம் முறையும் பார்த்தேன். இது என் ஆல்பத்தில் இருந்த தலை இல்லை. யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

ஜூலை 6, சனி

சரியாகத் தூங்கவில்லை. மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. ஆளுக்குச் சொல்லியிருக்கிறது.

ஏப்ரலுக்குப் பிறகு அந்த ஆல்பத்தின் பக்கத்தில் வந்தவர்கள் என்று யோசித்தால் மூன்று பேர்தான். மே மாதம் வெள்ளையடித்த பெயிண்டர். பகவதி. ஆசீர்.

பெயிண்டருக்குத் தலோவா தெரிந்திருக்க நியாயமில்லை. பகவதிக்கு இந்தத் தலைகள்மேல் ஆசையும் இல்லை, மரியாதையும் இல்லை. மூன்றாவது பெயரை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

காப்பி குடிக்கும்போது பகவதியிடம் மெல்லக் கேட்டேன்.

“பீரோவ யாராச்சும் தொறந்தாங்களா?”

“யாரு தொறக்கா? சாவியத்தான் கண்ணாடிக் கூட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்களே.”

அது அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

“வெள்ளையடிச்சப்ப?”

“பீரோவ ஒட்டி நாற்காலி போட்டு மூணு நாளும் காவல் இருந்தீங்க. கொஞ்சம் அசந்திருந்தா பெயிண்டர் உங்களயும் சேத்து அடிச்சிருப்பான்.” பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள். “எம்மேல சந்தேகமா?”

“சேச்சே.”

“சந்தேகம்தான். நாப்பத்தாறு வருசமாப் பாக்கேன். சந்தேகம் வந்துட்டா மூக்கத் தடவுவீங்க.”

கையைக் கீழே இறக்கினேன்.

“ஆசீர் சார் ஒரு வாரம் கொண்டு போயி வச்சிருந்தாவள்லா, அவாள்ட்ட கேளுங்க,” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

குறிப்பைப் பார்த்தேன். ஜூன் 9 முதல் 16 வரை. விலங்குகளின் அறிவியல் பெயர்களைப் பார்த்து எழுத வேண்டும் என்று வாங்கிப்போனார். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பெட்டி மக்ரூன் கொண்டுவந்தார். பிறந்தநாள் இல்லை, பண்டிகை இல்லை. மக்ரூனுக்கு என்ன காரணம் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். நான் நான்கு தின்றேன்.

ஜூலை 10, புதன்

மகாராஜநகருக்கு நடந்தே போனேன். ஆசீர் தாழ்வாரத்தில் லென்ஸும் கையுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் மேசைமேல் இருந்த தாளைக் குப்புறக் கவிழ்த்தார். இதை நான் கற்பனை செய்யவில்லை.

“வாரும் வே குத்தாலம். என்ன இப்படி வேர்த்து ஊத்துது? ஆட்டோக்காரன் எல்லாம் செத்தா போயிட்டான்?”

“நடக்கது நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு.”

“ஒம்பது மணிக்கு முன்னாடி நடக்கச் சொல்லியிருப்பாரு. இந்த உச்சி வெயில்லயா?”

தானே டீ போட்டுக் கொண்டுவந்தார். அவர் மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகள் நாகர்கோவிலில். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, வலதிலும் இறங்கியிருக்கிறது, ஆகஸ்ட் கடைசியில் ஆபரேஷன் என்றார். டீயை என் கைக்குக் கொடுப்பதற்குப் பதிலாக என் கைக்கு நான்கு விரல் தள்ளி நீட்டினார். நான் எட்டி வாங்கிக்கொண்டேன்.

அவரிடமும் அதே தலோவா தலைகள் உண்டு. “உம்ம தலோவா தாளக் கொஞ்சம் காட்டும்,” என்றேன். இயல்பாகக் கேட்டதாகத்தான் நினைக்கிறேன்.

“முடியாது.”

“எப்பவும் காட்டுவீரே.”

“இந்தத் தடவ காட்ட மாட்டேன். மண்டபத்துல வந்து எல்லாரோடயும் சேந்து பாரும். அதுல ஒரு சங்கதி இருக்கு வே. நீரு பாக்கணும்னுதான் செஞ்சிருக்கேன்.”

சிரித்தார். நான் டீயைப் பாதியில் வைத்தேன். கவிழ்த்த தாளின்மேல் அவர் முழங்கை இருந்தது. நான் எழுந்து தெருமுனை திரும்பும்வரை அது அங்கேயே இருந்திருக்கும்.

ஜூலை 13, சனி

நியாயமாக யோசிக்க வேண்டுமானால் முதலிலிருந்து எழுத வேண்டும்.

1986-இல் நானும் ஆசீரும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். நான் விலங்கியல், அவர் புவியியல். வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடம் எழுதி, தலோவாவின் தலைகளில் ஆளுக்கு ஒரு வரிசை வரவழைத்தோம். ஒரு வரிசை என்பது பிரிக்காத நான்கு தலைகள்: வௌவால், தென்னை நண்டு, புறா, பல்லி. நான்கும் சேர்ந்து ஒரே கடற்கரைக் காட்சி. வௌவால் தொங்கும் கிளையின் நிழல் அடுத்த தலையில் நண்டின் முதுகில் விழும்.

அதை அப்படியே வைத்திருக்க வேண்டும். தலை சேர்ப்பவன் எவனும் பிரிக்க மாட்டான். நான் பிரித்தேன். என் ஆல்பம் வகைப்பாட்டு முறையில் இருந்தது. பாலூட்டிக்கு ஒரு பக்கம், பறவைக்கு ஒரு பக்கம், ஓடுடைய கணுக்காலிக்கு வேறு பக்கம். ஒரே தாளில் வௌவாலும் நண்டும் புறாவும் இருப்பதை என் படிப்பு ஒத்துக்கொள்ளவில்லை. மடித்து, துளைகளின் வழியே நான்காகக் கிழித்தேன். ஆசீரையும் கிழிக்கச் சொன்னேன். அறிவியல் என்று சொன்னேன். அவர் வௌவாலை மட்டும் கிழித்துவிட்டு, “போதும் வே, மனசு வரல,” என்று மீதி மூன்றையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்.

அவர் செய்ததுதான் சரி என்று பிறகு தெரிந்தது. இதை அவரிடம் நான் சொன்னதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

விட்டதைத் தொடர்கிறேன். 1987-இல் ஆசீரைச் சாத்தான்குளத்துக்கு மாற்றினார்கள். அங்கே வாடகை அறை ஒழுகும் என்பதால் ஓராண்டு அவருடைய ஆல்பம் என் பீரோவில் இருந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மோட்டார் ஆள் வரவில்லை. குழாயடியில் பத்துக் குடம் பிடித்தேன்.

அந்தத் தழும்பின் வடிவம் எங்கோ பார்த்ததுபோல இருக்கிறது. ஒரு பக்கம் வளைந்து, ஒரு பக்கம் கூராக. தழும்புகள் எல்லாம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

ஜூலை 16, செவ்வாய்

நேரில் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. கேட்டால் சிரிப்பார், நானும் சிரித்துவிடுவேன். எழுத்தில் தருவதுதான் முறை.

மெஹருன்னிசா அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வரைவுகள். முதலாவதில் ‘திருட்டு’ என்ற சொல் இருந்தது. இரண்டாவதில் ‘மாற்றம்’ என்று மென்மையாக்கினேன். மூன்றாவதில், ‘என் வசமிருந்த குறையற்ற தலை, ஜூன் 9-க்கும் 16-க்கும் இடையில், குறையுள்ள வேறொரு தலையால் பதிலீடு செய்யப்பட்டுள்ளது. அக்காலத்தில் ஆல்பம் திரு. ஆசீர் வசம் இருந்தது,’ என்று நடந்ததை மட்டும் எழுதினேன்.

கடைசியில் ஒரு பரிசோதனையும் சொன்னேன். கிழித்த தலைகளின் ஓரத்துப் பற்கள் கைரேகை மாதிரி. ஒரு பக்கத்தில் ஒரு பல் குட்டையாகக் கிழிந்தால், எதிர்ப்பக்கத்தில் அந்த இடத்துப் பல் அந்த அளவுக்கு நீளமாக இருக்கும். எந்த வௌவால் எந்த நண்டின் பக்கத்தில் இருந்து கிழிந்தது என்பதைப் பூதக்கண்ணாடி சொல்லிவிடும். ‘கண்காட்சிக்கு முன் இருவரது தலைகளையும் பல்லோடு பல் வைத்துப் பரிசோதிக்கக் கோருகிறேன்.’

இந்த வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது. இரண்டு முறை படித்தேன்.

ஜூலை 17, புதன்

பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். வரவில்லை என்று யாரும் பிறகு சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும், நான் கேட்ட பரிசோதனையை முதலில் நானே செய்து பார்ப்பதுதான் ஒழுங்கு என்று தோன்றியது. என் நண்டை அதன் பக்கத்திலிருந்து எடுத்தேன். தழும்புள்ள வௌவாலை அதன் அருகில் நகர்த்தினேன். இரண்டையும் நான் சேர்த்து வைத்துப் பார்ப்பது கிழித்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

பற்கள் பொருந்தின. பன்னிரண்டும் பொருந்தின. கிளையின் நிழல் நண்டின் முதுகில் சரியாக விழுந்தது.

பகவதி சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை என்றேன்.

கடிதத்தில் ஒரு சிறு தவறு இருக்கிறது. பற்களைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது.

ஜூலை 18, வியாழன்

அஞ்சலகம் திறக்குமுன் போய் நின்றேன். அனுப்பிய தபாலைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு விண்ணப்பம் உண்டு என்பது எனக்குத் தெரியும். கவுன்ட்டரில் இருந்த பெண் ரசீதை வாங்கிப் பார்த்தார்.

“இது டெலிவரிக்கு எடுத்திட்டுப் போயாச்சே சார். எழுதிக் குடுத்தா அனுப்புதேன், ஆனா அதுக்குள்ள அங்க சேந்துரும்.” விலாசத்தைப் படித்தார். “நம்ம மெஹருன்னிசா மேடமா! பக்கத்துத் தெருதானே சார். நீங்களே போயி, லெட்டரப் பிரிக்காதீங்கன்னு சொல்லி வாங்கிக்கிடுங்களேன்.”

போனேன். தெருமுனையில் ஒரு மின்கம்பத்தின் பின்னால் நின்றேன். மின்கம்பம் என்னை மறைக்காது என்பது தெரிந்தும் நின்றேன். தபால்காரர் மணியடித்தார். மெஹருன்னிசா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். உறையைத் திருப்பி, அனுப்பியவர் பெயரைப் படித்தார். பத்து அடி போய், “மேடம்,” என்று ஒரு சொல் சொன்னால் போதும். கதவு சாத்திக்கொண்டது.

ஜூலை 19, வெள்ளி

ஒப்புகை அட்டை வந்தது. கையெழுத்து தெளிவாக இருக்கிறது. கோப்பில் வைத்தேன். வாதாங்காய் இருபத்திரண்டு.

ஜூலை 22, திங்கள்

மெஹருன்னிசா போன் செய்தார்.

“சார், லெட்டர் கெடச்சுது. படிச்சதுலேந்து மனசே சரியில்ல. ரெண்டு பேரும் எம்புட்டு நாள் பழக்கம்!”

“அதை விட்டுவிடலாம் என்றுதான்...” என்று மேடைத் தமிழில் தொடங்கினேன். பதற்றம் வந்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

“விட முடியாது சார். ரிஜிஸ்டர்ல வந்து, நான் கையெழுத்துப் போட்டு, மன்றத்துப் புத்தகத்துலயும் ஏத்தியாச்சு. பத்தாம் தேதி காலையில சீக்கிரம் வந்திருங்க. ரெண்டு பேர் முன்னாலயும் பாத்து முடிச்சிருவோம். தப்பு அவரு பேர்லன்னா அவரு தாள எடுத்துரணும், மன்றத்துலேந்தும் விலகணும். அதுவரைக்கும் ஆசீர் சார்ட்ட நான் மூச்சு விடல.”

பேச்சு முடிந்த பிறகும் போனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேனாம். பகவதி வந்து வாங்கி வைத்தாள்.

ஜூலை 27, சனி

ஆசீர் வந்தார். ஆட்டோவில் வந்து, படியில் கால் தடுக்கி, “படி ஒசந்திருக்கா, நான் குட்டையாயிட்டேனா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். கையில் கொய்யாப்பழங்கள்.

அவருக்குத் தெரியுமா என்று முழுநேரமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்செல்லாம் சாதாரணமாக இருந்தது. அதுவே சரியாகப் படவில்லை.

வெளியே வாதாமரத்தில் சிறகடிப்பு கேட்டது. அந்தி நேரம், முதல் வௌவால்கள் வந்துவிட்டன.

“அந்தத் தீவுக்கு மத்த மிருகம் எல்லாம் யாரோ தூக்கிட்டுப் போனது. தானாப் பறந்து போயிச் சேந்தது இவன் ஒருத்தன்தான்,” என்றார் ஆசீர். “நீரு சொன்னதுதான வே, எண்பத்தாறுல. நான் பத்து வருசம் பத்தாம் கிளாஸ்ல அதத்தான சொல்லிக் குடுத்தேன்.”

“ஆமா,” என்றேன்.

“ஏன் வே மூக்கத் தடவுதீரு?”

ஆகஸ்ட் 3, சனி

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை.

1987 அக்டோபர், காலாண்டு விடுமுறை. ஆல்பம் மாற்றிக்கொண்டிருந்தேன். வௌவாலின் பின்னால், ஆல்பத்தில் பிடிப்பதற்காக ஒட்டியிருந்த மடிப்புத்தாளை நனைத்து, ஊறவிட்டு எடுக்க வேண்டும். எனக்கே தெரியும், மாணவர்களுக்கும் சொல்லித் தந்திருக்கிறேன். அன்று பொறுமை இல்லை. பிளேடால் தூக்கினேன். தலையின் தாளும் சேர்ந்து வந்தது. உளுந்தளவு. ஒரு பக்கம் வளைந்து, ஒரு பக்கம் கூராக.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பீரோவைத் திறந்து ஆசீரின் ஆல்பத்தை எடுத்தேன். அவருடைய வௌவாலில் குறை ஏதும் இல்லை. முன்புறம் இரண்டும் ஒன்றுதான். அவர் புவியியல்காரர், பின்புறம் பார்க்கிற பழக்கம் இல்லாதவர் என்று எண்ணினேன். மாற்றி வைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்கடுத்த சித்திரையில் ‘பின்புறம் குறையில்லை’ என்று எழுதினேன். கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் எழுதினேன். அடுத்த ஆண்டு தாழிடவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் எழுதி எழுதி, அது என்னுடையதாகவே ஆகிவிட்டது. இந்த மாதம் அவர்மேல் எனக்கு வந்த கோபம் நடிப்பு இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என் ஆல்பத்துக்கு அந்த வௌவால் தானாகப் பறந்து வரவில்லை.

மோட்டார் ஆள் வந்து கண்டென்சர் மாற்றினார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காய்ச்சல் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

எட்டரைக்கே மண்டபத்துக்குப் போனேன். பதிவேட்டையும் பையில் எடுத்துப்போயிருந்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஆசீரின் சட்டகம் வாசலுக்கு எதிரிலேயே இருந்தது. ‘கப்பல் நிற்காத தீவுகள்.’ நான்காவது தாளில் தலோவா. வௌவால், நண்டு, புறா, பல்லி. கிழிந்த கோடு தெரியாத அளவுக்கு நெருக்கி வைத்திருந்தார். ஒரே கடற்கரை, ஒரே வெயில். கிளையின் நிழல் நண்டின் முதுகில். கீழே அவருடைய கோணலான கையெழுத்தில்: ‘1986-இல் பிரிந்தவை. மீண்டும் சேர்ந்தன.’ அவ்வளவுதான். என் பெயர் இல்லை.

நான் பார்க்க வேண்டும் என்று அவர் செய்த சங்கதி இதுதான்.

மெஹருன்னிசா எங்கள் இருவரையும் மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். அந்தத் தாளும் என் தாளும் மேசைமேல் இருந்தன. என் கடிதமும் இருந்தது.

“ஆசீர் சார், தப்பா நெனச்சுக்கிடாதீங்க. எழுத்துல வந்திட்டு. பாக்காம விட முடியாது.”

ஆசீர் கடிதத்தை வலது கண்ணுக்கு அருகில் பிடித்து வாசித்தார். வெகுநேரம் ஆனது. மடித்து வைத்தார்.

“எழுத்து இன்னமும் முத்து முத்தாத்தான் இருக்கு,” என்றார். என்னைப் பார்க்கவில்லை.

மெஹருன்னிசா லென்ஸை வைத்துக் குனிந்தார். ஆசீரின் நண்டையும் வௌவாலையும் நகர்த்திப் பார்த்தார். பிறகு ஆசீரின் நண்டோடு என் தழும்பு வௌவாலைச் சேர்த்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் நிம்மதி.

“ஆசீர் சாரோட வௌவால் ஆசீர் சாரோட நண்டுலேந்து கிழிஞ்சதுதான். ஒரு பல்லு தப்பல. குத்தாலம் சார்ட்ட இருக்கது இதோட சேரவே இல்ல. அப்ப மாறல, ஒண்ணும் மாறல!” என்னிடம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “சார், வயசாகுதுல்லா? எங்க வீட்டுக்காரரு கண்ணாடியப் போட்டுக்கிட்டே கண்ணாடி தேடுவாரு. ஞாபகப் பிசகு யாருக்கும் வரும். புத்தகத்துல அப்படியே எழுதி முடிச்சிருதேன்.”

“ஆமா மேடம், எழுதிருங்க. ஞாபகப் பிசகு,” என்றார் ஆசீர் தாளைப் பார்த்தபடியே.

இருவரும் எனக்காகக் கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். தலையை ஆட்டினால் போதும். நான் எழுந்திருப்பதற்காக மேசையில் கையை ஊன்றினேன். பதிவேடு பையிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். முப்பத்திரண்டு சித்திரைகள்.

“எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு,” என்றேன். “தேதிகூட எழுதி வச்சிருக்கேன். அது ஆசீரோட தலைதான். எண்பத்தேழுல, இவரு சாத்தான்குளத்துல இருக்கும்போது, என்னோடத நான் பிளேடு போட்டுக் கெடுத்திட்டு, இவரோடத எடுத்துக்கிட்டேன். அவரு அவரோடதத்தான் திருப்பி எடுத்திருக்காரு. புத்தகத்துல இத எழுதுங்க.”

மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்க ஆரம்பித்தார்.

“எனக்கு எண்பத்தெட்டுலேயே தெரியும் வே,” என்றார் ஆசீர். “சாத்தான்குளத்துலேந்து வந்த வாரமே மூணோட சேத்து வச்சுப் பாத்தேன். பல்லு சேரல.”

“கேக்கவே இல்லியே.”

“நீரு சொல்வீருன்னு இருந்தேன். பொங்கலுக்குச் சொல்வீரு, கிறிஸ்மசுக்குச் சொல்வீருன்னு. பெறகு மறந்துபோச்சு. இப்ப டாக்டர் ஆபரேசன்னு சொன்னதும், கண்ணுக்கு ஒண்ணு ஆயிட்டா என்ன செய்யதுன்னு ஒரு பயம். அதுக்கு முன்னாடி நாலையும் சேத்து ஒருதரம் பாத்திரணும்னு தோணிச்சு. எடுத்துக்கிட்டேன். உம்மது உமக்கு வச்சேன். நீரு இங்க வந்து பாப்பீரு, முழிப்பீரு, நான் சிரிப்பேன், நீரும் சிரிப்பீரு, அதோட போயிரும்னு நெனச்சேன்.”

எழுந்தார். வாசல் எங்கே என்று கையால் தடவிப் பார்த்தார். நான் பிடிக்கப் போனேன். விலக்கினார்.

“மாத்துனது போட்டும் வே. எழுதிப் போட்டீரே. அதுவும் ரிஜிஸ்டர் தபால்ல.”

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் இருக்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கண்காட்சியின் இரண்டாம் நாள். என் நடுத்தாளைத் திரும்ப வைத்தேன், தழும்புள்ள வௌவாலோடு. தீவின் பாலூட்டிகளைப் பற்றிய குறிப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘பின்புறம் குறை உண்டு. 1987. சேகரித்தவர் கையால்.’ மாலைவரை அருகிலேயே நின்றேன். பள்ளிப் பிள்ளைகள் வௌவாலைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். அந்த வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆசீர் வரவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

பதிவேட்டில் முப்பத்திரண்டு இடங்களில் ‘குறையில்லை’ என்பதை அடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். காலை முழுவதும் ஆனது. பகவதியிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்த மனுசன் கொண்டாந்த மக்ரூன நாலு தின்னீங்களே,” என்றாள்.

ஆசீருக்கு இரண்டு முறை போன் செய்தேன். மணி அடித்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

வாதாங்காய் ஒன்பது. பருவம் முடிகிறது.

பத்து மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. ஆசீர் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே, கட்டம்போட்ட துண்டில் சுற்றிய ஒரு பொதியை நீட்டினார். இந்த முறையும் நான்கு விரல் தள்ளித்தான் நீட்டினார். வாங்கியதும் கனத்திலேயே தெரிந்தது. அவருடைய ஆல்பம்.

“திங்கக்கெழம ஆபரேசன். பெறகு ஒரு மாசம் மக வீட்டுல. இங்க மழை பெஞ்சா என் வீடு ஒழுகும், உமக்குத் தெரியும்.”

“எங்கிட்டயா?”

“வேற யார்ட்ட குடுக்க? பூச்சி அரிக்காம, ஈரம் படாம வச்சுக்கத் தெரிஞ்ச ஆளு இந்த ஊர்லயே நீரு ஒருத்தர்தான்.”

சிரிக்கவில்லை. வெயில் கூசாமல் இருக்கப் பச்சைக் கண்ணாடி போட்டிருந்ததால் அவர் எதைப் பார்த்துச் சொன்னார் என்றும் தெரியவில்லை. ஆட்டோ திரும்பியது. பகவதி ஓடிவந்து, “ஒரு வாய் காப்பி குடிக்காமப் போறாவளே,” என்றாள்.

இது மன்னிப்பா, சோதனையா என்று மத்தியானம்வரை யோசித்தேன். எண்பத்தேழிலும் இதே துண்டில்தான் சுற்றிக் கொடுத்தார். அல்லது இது வேறு துண்டாக இருக்கலாம். கட்டம்போட்ட துண்டுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பொதியைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியைக் கண்ணாடிக் கூட்டில் போடப் போனவன், அடுக்களைக்குப் போய்ப் பகவதியிடம் நீட்டினேன்.

“எதுக்கு?”

“ஒரு மாசம் உங்கிட்ட இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காத.”

பகவதி என் மூக்கைப் பார்த்தாள். என் கை அங்கேதான் இருந்தது.

“இப்ப யாரு மேல சந்தேகம்?” என்றாள்.

சாவியை அவள் முந்தானையில் முடிந்துகொண்டதைப் பார்த்த பிறகுதான் இங்கே வந்து உட்கார்ந்தேன்.